சிங்கக் கொடியும் உடுப்புக் கொடியும்

என் பேத்தி மொன்றியலின் மேற்கு மூலையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மாட்டையும் மண்ணையும் பற்றிப் படிப்பிக்கிற வளாகத்தில் படிக்கிறாள். அண்மையில் வீட்டுக்கு வந்தவள் ஒரு சின்னக் குழாயை என் வாய்க்கு முன்னால் நீட்டி, "அம்மப்பா, இதுக்குள்ளை துப்புங்கோ, சில் வு ப்ளே" என்று பிரெஞ்சிலும் சேர்த்துக் கெஞ்சினாள்.

இந்த நகரத்தில் வந்திறங்கிய நாள் தொடங்கி அங்கே துப்பாதே, இங்கே துப்பாதே என்று கேட்டே வயது போனவன் நான். இப்போது என்னடாவென்றால் காசு கட்டித் துப்பச் சொல்கிறார்கள். எச்சிலை வைத்துப் பூர்வீகம் சொல்லுவார்களாம். சரி, பிள்ளை ஆசைப்படுகிறது என்று துப்பினேன். அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். குழாயில் ஒரு கோடு போட்டிருக்கிறான், அதுவரைக்கும் நிரப்பவேண்டும். என் வயதில் எச்சிலும் கடனுக்குத்தான் வரும். "தேசிக்காயை, அந்தப் புளிப்பை நினையுங்கோ அம்மப்பா" என்று பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினாள்.

சில கிழமைகள் கழித்து அறிக்கை வந்தது. எங்கள் மூதாதையர் தொண்ணூற்றெட்டு வீதம் தென்னிந்தியாவும் இலங்கையுமாம். மிச்சம் இரண்டு வீதம் நிச்சயமில்லையாம். எனக்கு வந்த எரிச்சலை என்ன சொல்ல. மெட்ரோவில் எதிரே இருக்கிறவன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாலே சொல்லிவிடக்கூடிய சங்கதிக்கு ஒரு குழாய், ஒரு பெட்டி, ஒரு முத்திரை. அவளோ அறிக்கையோடு வந்த வரைபடத்தில் என் ஊரிருக்கும் இடத்தைச் சுற்றி வரைந்திருந்த பச்சை வட்டத்தை வாஞ்சையோடு தடவிக்கொண்டிருந்தாள்.

குழாய் வந்த பெட்டி மேசையிலேயே கிடந்தது. எறிய எடுத்தபோது அதற்குள்ளிருந்து மெல்லிய சவர்க்கார வாசம் வந்தது. எதற்காக அதற்குச் சவர்க்காரம் மணக்கவேண்டும் என்று தெரியாது. ஆனால் எனக்குச் சவர்க்காரம் மணந்தால் மிஸ்டர் ஜோன்ஸ் வந்துவிடுவார். வந்தால் லேசில் போகமாட்டார், உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோட்-டெ-நேஜ் பக்கத்தில் ஒரு செங்கல் வீட்டின் பேஸ்மென்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நாலு பேருடைய அகதிக் கேஸும் எங்கோ ஒரு அலமாரியில் எங்களைவிட நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அறைக் கதவைத் திறந்தால் உடனே உடுப்புத் தோய்க்கிற தொட்டியும் மெஷினும். அதனால் எங்கள் மீன்குழம்பு சவர்க்காரம் மணக்கும், தோய்த்த சேட் மீன்குழம்பு மணக்கும். மேல்வீட்டில் வீட்டுக்காரர் மிஸ்டர் ஜோன்ஸ். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். ரயில் இரைச்சல் கேட்டுக் கேட்டு ஒரு காது முழுதாகவும் மற்றது பாதியாகவும் போய்விட்டது.

அவர் என்னை "மிஸ்டர் செல்லத்துரை" என்று கூப்பிடுவார். செல்லத்துரை என் அப்பா. விமான நிலையத்தில் எழுதிக்கொண்டவன் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டான். மேலே இருந்து "மிஸ்டர் செல்லத்துரை" என்று குரல் வரும்போதெல்லாம், அப்பா எப்போது கனடாவுக்கு வந்தார் என்று ஒரு கணம் திகைத்துத்தான் படியேறுவேன்.

மிஸ்டர் ஜோன்ஸுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு குறை. அவருடைய தகப்பன், டேவிட் ஜோன்ஸ், வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் ஒரு ஊரிலிருந்து மீசை அரும்பும் வயதில் கப்பலேறி மொன்றியல் வந்தவர். வந்த பிறகு செத்துப்போகும்வரை அந்த ஊரைப்பற்றி வாய் திறக்கவில்லை. தாய் யார், தகப்பன் யார், ஒன்றும் சொல்லவில்லை. கல்லறைக் கல்லில் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. "அதுக்குக் கீழே 'இன்னாருடைய மகன்' என்று ஒரு வரி வெட்டவேண்டும். நான் போய்ச்சேருவதற்கு முன்னால் வெட்டவேண்டும்" என்பார். "வானத்திலிருந்து விழுந்தவனைப்போல என் அப்பா அங்கே படுத்திருக்கிறார்."

அந்த ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதத் தெரியாது என்பதுதான் உண்மை. இரண்டு எல் எழுத்தில் தொடங்கும். ழகரத்தைக் கைவசம் வைத்திருக்கிற இனம் நாங்கள், இதென்ன பெரிய வேலை என்று ஒருநாள் சொல்லிக் காட்டினேன். மிஸ்டர் ஜோன்ஸ் தன் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊருக்குத் தொலைபேசி எடுப்பார். அவருக்குக் காது கேளாது. ஆகவே அவர் வரவேற்பறையில் ஒரு தொலைபேசியோடு இருப்பார், நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு தொலைபேசியில் காதை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் சொல்வதை இங்கிருந்து அவருக்குக் கத்திச் சொல்லவேண்டும். யோசித்துப் பாருங்கள். வேல்ஸ்காரர் ஒருவிதமாக இழுத்து இழுத்துப் பேசுகிற இங்கிலீஷை, யாழ்ப்பாணத்தான் ஒருவன் பிடித்து, கனடாக்காரனுக்கு அனுப்புகிறான். மறுத்திருக்கலாம். ஆனால் வீட்டு ஹீட்டரின் திருகு அவருடைய வரவேற்பறைச் சுவரில் இருந்தது.

மறுபக்கத்தில் மிஸஸ் பிரைஸ் என்று ஒரு அம்மா. அந்த ஊர்த் தேவாலயத்துக்கு எழுதிக் கேட்டபோது, பழைய ஆட்களை அறிந்தவ என்று இவவின் இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். அவ பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அந்த இழுவைக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் என் காதில் அது எங்கள் ஊர்ச் சந்தையில் நிற்கிற அம்மா ஒருவரின் குரலாகவே விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

"டேவிட் ஜோன்ஸோ? எந்த டேவிட் ஜோன்ஸ், மோனை?"

கத்தினேன். மிஸ்டர் ஜோன்ஸ் தகப்பன் பிறந்த ஆண்டைச் சொன்னார்.

"அது கிடக்கட்டும். அந்த நேரம் எங்கடை தெருவிலை மட்டும் ஒரு கூட்டம் டேவிட் ஜோன்ஸ் இருந்தது. பேர் என்ன?"

"டேவிட் ஜோன்ஸ்."

"அது தெரியும் மோனை. அவரை என்னெண்டு கூப்பிடுறது?"

"டேவிட் ஜோன்ஸ் என்றுதான்" என்று மிஸ்டர் ஜோன்ஸ் பல்லைக் கடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவ கேட்பது பட்டப்பெயரை. பால் ஜோன்ஸ், ரொட்டி சுடுகிற பாண் ஜோன்ஸ், விளக்கு ஜோன்ஸ் என்று அங்கே ஆளுக்கு ஒரு ஒட்டு இருக்கிறது. எங்கள் ஊரில் கந்தையாக்களைப் பிரித்தெடுத்தது போலத்தான், சுருட்டுக் கந்தையா, மணிக்கூட்டுக் கந்தையா, கொழும்புக் கந்தையா. அதோடு, ஜோன்ஸ் என்றாலே ஜோனின் மகன் என்றுதான் அர்த்தம் என்றும் அவ சொன்னா. ஆக, மிஸ்டர் ஜோன்ஸும் என்னைப்போல யாரோ ஒரு தகப்பனின் பெயரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தவர்தான்.

பிறகு அவ கேட்டா பாருங்கள் ஒரு கேள்வி. "சரி, அவர் ஆற்றை மோன்?"

ஆற்றை மோன், யாருடைய மகன். தொலைபேசியைத் தூக்கி எறிந்திருப்பேன். நான் ஊரைவிட்டு ஓடிவந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, கேஸில் எழுதிக் கொடுத்ததெல்லாம் உண்மை. ஆனால் கேஸில் எழுதாத ஒரு சந்தோசமும் இருந்தது. இனி ஒருத்தனும் என்னைப் பார்த்து "ஆற்றை மோன்?" என்று கேட்கமாட்டான். எங்கள் ஆட்கள் அதைக் கேட்கும்போது அந்தக் கேள்விக்குள் வேறு ஒரு கேள்வி சுருண்டு படுத்திருக்கும். எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, வீட்டுக்குள் கூப்பிடலாமோ, வாசலோடு அனுப்பலாமோ. கேட்கிறவருக்கும் அது தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும்.

என் விசயத்தில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. என் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சேட், சட்டைப் பையில் பேனை. ஆனால் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற நல்ல பம் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. கேட்டு வருகிறவர்களிடம் அப்பா அதைக் கொடுத்துவிட மாட்டார். உடைத்துப்போடுவார்களாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே குனிந்து காற்றடித்துவிடுவார். விளைவு, ஊருக்கு அவர் பம் செல்லத்துரை. நான் பம்மின்ரை மோன். பள்ளிக்கூடத்தில் நான் நடந்துபோனால் பின்னால் 'உஸ், உஸ்' என்று ஒரு வகுப்பே காற்றடிக்கும்.

கனடாவில் அது முடிந்தது என்று இருந்தேன். கொஞ்ச மாதம் முடிந்தும் இருந்தது. பிறகு எங்கள் அறைக்கு நாலாவது ஆளாக ஒருவர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், குலம் அண்ணை. பெட்டியைக் கீழே வைக்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எவடம்?"

சொன்னேன்.

"ஆற்றை மோன்?"

"செல்லத்துரையின்ரை."

"எந்தச் செல்லத்துரை? பம்மோ?"

அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து மொன்றியலிலும் நான் பம். ஒருநாள் மெட்ரோவில் சனம் நிறைந்த மேடையில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து குலம் அண்ணை "டேய் பம், பாண் வாங்கிக்கொண்டு வா" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற கெபெக்குவாக் கிழவர், ஊர்ப் பிரெஞ்சுக்காரர், அதை வெடிகுண்டு என்று விளங்கி, என் கைப்பையைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு தள்ளி நின்றார்.

கதை எங்கேயோ போய்விட்டது. அடுத்த ஞாயிறு மிஸஸ் பிரைஸ் நல்ல செய்தியோடு வந்தா. தகப்பனைப் பிடித்துவிட்டாவாம். கப்பலேறிப்போய்த் திரும்பி ஒரு கடதாசியும் போடாத கடைக்குட்டி டேவிட்டை ஒரு கிழவிக்கு நினைவிருக்கிறதாம். "உவர் ஜோன்ஸ் த லயன் வீட்டுப் பெடியன்" என்றா.

லயன். சிங்கம். எனக்கு அப்படித்தான் கேட்டது. சிங்கக் கொடி பிடித்தவர்களுக்குப் பயந்து ஓடிவந்தவனுடைய காதுக்கு வேறென்ன கேட்கும்? "லயன்! ஜோன்ஸ் த லயன்!" என்று நான் வீடு அதிரக் கத்த, மிஸ்டர் ஜோன்ஸ் சந்தோசத்தில், அவ மேற்கொண்டு என்ன சொல்லவந்தா என்றும் கேளாமல் தொலைபேசியை வைத்து, என்னையும் வைக்கச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு சில கிழமைகள் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். மிஸ்டர் ஜோன்ஸ் நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினார். புரோசார்ட்டில் இருக்கிற தங்கச்சிக்கு எடுத்து, நாங்கள் சிங்கக் குடும்பம் என்று அறிவித்தார். கல்வெட்டுகிறவரிடம் போய்த் தகப்பனின் கல்லில் ஒரு சிங்கத் தலை வெட்டச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சாமான் கடையொன்றில் சாந்தினால் செய்த பெரிய சிங்க முகம் ஒன்றை வாங்கிவந்து வீட்டு வாசலுக்கு மேலே ஸ்க்ரூ போட்டுப் பூட்டினார். பேஸ்மென்டுக்குப் போகிற வழியும் அதுதான்.

குலம் அண்ணை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டி வந்தது இதுக்குக் கீழாலை குனிஞ்சு போறதுக்கோ?"

"அண்ணை, அது வேல்ஸ் சிங்கம்."

"சிங்கத்திலை என்னடா வேல்ஸ் சிங்கம், கண்டிச் சிங்கம். எல்லாம் கடிக்கும்."

எங்களைப் பார்க்க வந்த ஆட்கள் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருவர் தெருமுனை டெப்பனர் கடையில் இருந்து தொலைபேசியெடுத்து, "தம்பியவை, உங்கடை வீடெண்டு வந்தன், இஞ்சை எம்பசி மாதிரிக் கிடக்குது" என்றார். வீட்டுக்காரரிடம் போய் எங்களுக்கும் சிங்கத்துக்கும் உள்ள பழைய கணக்கை விளக்கு என்று மூன்று பேரும் என்னைத்தான் தள்ளினார்கள். போனேன். மிஸ்டர் ஜோன்ஸ் என் தோளில் தட்டி, "மிஸ்டர் செல்லத்துரை, இதைக் கண்டுபிடித்துத் தந்ததே நீங்கள்தான்" என்றார். வாயை மூடிக்கொண்டு இறங்கிவந்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. இந்தச் சிங்கப் பட்டம் எந்த வீரத்துக்குக் கிடைத்தது என்று கேட்க மிஸ்டர் ஜோன்ஸ் மறுபடி எடுத்தார். மிஸஸ் பிரைஸ் திரும்பக் கேட்டா.

"சிங்கமோ? ஆர் சொன்னது?"

நான் குசினி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லயன் இல்லை மோனை. லைன். உடுப்புக் காயப்போடுற லைன். ஜோன்ஸ் த லைன்."

பிறகு ஆறுதலாகச் சொன்னா. மேரி ஜோன்ஸ், புருசன் இல்லாதவ. சுரங்கத்தில் வேலைசெய்கிற தனி ஆண்களின் கரி பிடித்த உடுப்பையெல்லாம் தோய்த்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவ. தன் வீட்டுப் பின்சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரைக்கும் கயிறு கட்டியிருந்தா. ஒழுங்கையால் போகிற சனமெல்லாம் அதற்குக் கீழே குனிந்துதான் போகும். காற்று சுரங்கப் பக்கமிருந்து திரும்பினால் கரித்தூள் வந்து வெள்ளையெல்லாம் கறுத்துவிடும். காற்றைப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்பினதும் ஓடிப்போய் உடுப்பை இழுத்தெடுப்பது கடைக்குட்டி டேவிட்டின் வேலை.

நான் என் கடமையைச் செய்தேன். "லைன்! தோய்க்கிறது! கரித்தூள்! காற்று! கடைக்குட்டி!"

வரவேற்பறையிலிருந்து மிஸ்டர் ஜோன்ஸின் குரல் வந்தது. "கத்தவேண்டாம். கேட்டது."

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு அவர் குசினிக்கு வந்தார். என்னைத் தாண்டிப் பின்ஜன்னலடியில் போய் நின்றார். வெளியே ஒழுங்கையில் பனி. வீட்டுக்கு வீடு மரக்கம்பமும், கப்பியில் ஓடுகிற உடுப்புக் கொடியும், இந்த நகரத்தின் பின்பக்கமே அப்போது அப்படித்தான். அவருடைய கொடியில் மனைவி போனபிறகு யாரும் ஒரு கைலேஞ்சித் துண்டும் போட்டதில்லை.

என் காதில் மிஸஸ் பிரைஸ் இன்னும் இருந்தா. "அவர் எங்கை, அழுறாரோ?"

"ஜன்னலடியிலை நிக்கிறார்."

"நிக்கட்டும். இவ்வளவு நாளும் நடுவிலை நிண்டு கத்துற நீர் ஆர் மோனை? நீர் ஆற்றை மோன்?"

அந்தக் கேள்விக்கு நான் எத்தனை பேருக்கு எத்தனை விதமாக மழுப்பியிருப்பேன். அன்று எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அவவுக்கு எங்கள் குறிச்சி தெரியாது, கோயிலடி தெரியாது. கேள்விக்குள் கேள்வியே இருக்கவில்லை.

"செல்லத்துரை த பம். அவரின்ரை மோன்."

அவ சிரிக்கவில்லை. மிகவும் அக்கறையாகக் கேட்டா.

"சைக்கிள் பம்மோ, தண்ணிப் பம்மோ?"

"சைக்கிள்."

"ஆ" என்றா, எல்லாம் விளங்கிவிட்டதுபோல. "அப்ப நல்ல மனுசனாத்தான் இருக்கவேணும்."

தொலைபேசியை வைத்தேன். மிஸ்டர் ஜோன்ஸ் திரும்பவில்லை. ஜன்னலுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "எங்கள் தெருவில் உடுப்புக் காயப்போட்ட ஒரே ஆண் என் அப்பாதான். ஒவ்வொரு திங்களும். அம்மாவை விடமாட்டார். ஜனவரியில்கூட. சேட்டெல்லாம் பலகைபோல விறைத்து நிற்கும், அவர் ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். காற்றடித்தால் சாப்பாட்டிலிருந்து எழும்பி ஓடிப்போய்ப் பார்ப்பார். இங்கே ஏது கரித்தூள்." ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தார். "பள்ளிக்கூட நண்பர்களோடு வரும்போது நான் அந்தப் பின் ஒழுங்கையால் வரமாட்டேன். சுற்றித்தான் வருவேன்."

கீழே வந்து குலம் அண்ணையிடம் சொன்னேன். "அண்ணை, அது சிங்கக் கொடி இல்லையாம். உடுப்புக் கொடியாம்."

குலம் அண்ணை அரிசி கழுவிக்கொண்டிருந்தார். "அப்ப வம்சத்தைக் கொடிவழி எண்டு எங்கடை ஆக்கள் சொன்னது இதைத்தான்" என்றார். பிறகு கழுவின அரிசியையே மறுபடி கழுவினார்.

அடுத்த நாள் வாசலில் ஏணி. சிங்கம் இறங்கியது. சுவரில் நாலு ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. கல்லில் சிங்கம் வெட்டத் தொடங்கியிருக்கவில்லை என்பது எங்கள் எல்லோருடைய அதிர்ஷ்டம். கல்வெட்டுகிறவர்தான் பாவம், 'மேரியின் மகன், ஜோன்ஸ் த லைன்' என்று எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, எந்த லைன், ரயில் லைனா, மெட்ரோ லைனா, வசனம் முடியவில்லையே என்று இரண்டுதரம் தொலைபேசி எடுத்தாராம். முடிந்துவிட்டது, அப்படியே வெட்டு என்று மிஸ்டர் ஜோன்ஸ் சொல்லிவிட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை பின்பக்கத்தில் கப்பி கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். கொடியில் ஒரேயொரு சேட்டைப் போட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கமென்று பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது அந்த வீட்டைப் பிரித்துக் கொண்டோமினியம் அடுக்குவீடுகள் ஆக்கிவிட்டார்கள். உடுப்பு வெளியே காயப்போடக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறதாம், பார்வைக்கு அழகில்லையாம். ஒழுங்கையில் கம்பங்களும் இல்லை, கப்பியும் இல்லை. மிஸ்டர் ஜோன்ஸ் தகப்பனுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்து எவ்வளவோ காலம். மிஸஸ் பிரைஸை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. குலம் அண்ணை போன பனிக்காலத்தில் போய்விட்டார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போனால் இப்போதும் ஆட்கள் என்னோடு கதைக்கிறார்கள், "ஐயா, எந்த மெட்ரோவடியிலை இருக்கிறியள்?" என்று கேட்கிறார்கள். பம் என்று கூப்பிட இந்த நகரத்தில் ஒருவரும் இல்லை. இத்தனை வருசம் இதைத்தானே விரும்பினாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு சப்பாத்தைத் தேடுகிறேன்.

போன ஞாயிறு பேத்தி அந்த அறிக்கையை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு, "அம்மப்பா, இந்த ரெண்டு வீதம் என்னவா இருக்கும்?" என்றாள்.

"அதுதான் பம்" என்றேன். "எங்கடை வீட்டைப் பம் வீடு எண்டுதான் சொல்லுறது. உன்ரை கொள்ளுத் தாத்தா பம் செல்லத்துரை."

"பம்? பொம்ப்?" என்று பிரெஞ்சில் ஒருதரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். "சோ க்யூட்" என்றாள். பிறகு குனிந்து தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள்.

சைக்கிளோ தண்ணியோ என்று கேட்பாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.